கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த காலைகள்

பரோட்டா மாஸ்டர் மாசானம் தூங்கித் தீர்த்த காலைகளில் ஒன்றுகூடத் தொலைந்து போகவில்லை, எல்லாம் அவன் கட்டிலுக்கு அடியில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்பது அவன் மனைவி கோமுவுக்குத்தான் முதலில் தெரிந்தது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது, தொலைந்துபோன ஒற்றைக் கம்மலைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு அவள் இழுக்க, கம்மல் வராமல், ஆட்டுக்குட்டி அளவில், வெளிர் மஞ்சளாக, தொட்டால் வெயிலில் காய்ந்த துணி மாதிரி இளஞ்சூடாக ஒரு காலை வந்தது, அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அதன் பின்னால் வரிசையாக மற்றவை எல்லாம் வந்து கூடத்தில் நின்றன.

"இம்புட்டும் இங்கதான் கெடந்துதா?" என்றாள் கோமு. அவை தின்னவில்லை, குடிக்கவில்லை, நாறவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே காக்கைச் சத்தமும் குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும் மெல்லக் கேட்டன. வேறு இடம் இல்லாததால், சுவர் காய்ந்ததும் அவற்றைப் பழையபடி கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டாள்.

மாசானத்தின் வேலை அப்படி. குற்றாலம் போகிற சாலையில், சாரல் காலம் வந்தால் விடிய விடியக் கூட்டம் மொய்க்கும் ஒரு கடையில் அவன் மாவை வீசினான், சுருட்டினான், தட்டினான், கல்லில் போட்டுத் திருப்பினான். பால்காரர் வண்டி புதுக்குழாய்த் தெருவுக்குள் நுழையும் நேரத்தில் அவனும் நுழைந்தான், கறுப்புத் துண்டைக் கண்ணுக்குமேல் போட்டுக்கொண்டு படுத்தான், பள்ளிக்கூட வேன் வந்து போனபிறகு, மீன்காரி வந்து போனபிறகு, வெயில் வாசல்படி ஏறியபிறகு எழுந்தான், குளித்தான், சாப்பிட்டான், மறுபடி வேலைக்குப் போனான். அவன் போனபிறகுதான் மகள் முகிலா பள்ளிக்கூடம் விட்டு வருவாள். ஒருமுறை வகுப்பில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னபோது, அவள் தண்ணீர்க் குடத்தோடு அம்மாவை வரைந்தாள், புத்தகப் பையோடு தன்னை வரைந்தாள், பக்கத்தில் ஒரு கட்டிலும் கட்டிலின்மேல் ஒரு போர்வையும் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் வரைந்தாள். "அப்பா எங்கம்மா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "உள்ள இருக்காவ" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் கிடந்தவற்றுக்கு ஓர் உபயோகம் உண்டு என்று தெரிந்தது இட்லி விற்கும் ஆவுடையக்காவால். மூன்றாவது வீட்டுக்காரியான ஆவுடையக்கா ஒருநாள் கண் அசந்துபோய்த் தாமதமாக எழுந்து, ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"நல்லா விடிஞ்சிட்டுட்டி கோமு! ஒரு ஈடுகூட எடுக்கல. ஆளுவ எல்லாம் தூக்குவாளியோட நிக்காவ. எனக்கு இன்னொரு காலை கெடைச்சாத்தான் உண்டு."

"காலைதானக்கா வேணும்? கட்டிலுக்கடியில கெடக்கு, ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றாள் கோமு, பச்சை மிளகாய் கேட்டவளுக்குச் சொல்வதுபோல.

ஆவுடையக்கா ஒரு காலையைப் பிளாஸ்டிக் குடத்தில் போட்டு, மேலே துண்டை மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் துண்டை எடுத்ததும் அவள் வீட்டுக்குள் மட்டும் மறுபடி இருட்டு வெளுத்தது, முதல் காக்கை மறுபடி கத்தியது, அவள் அவசரமே இல்லாமல் ஈட்டுக்கு மேல் ஈடாக வேகவைத்து, சட்னியும் அரைத்து, தாளித்து, கடுகு அடங்கும்வரை நின்று, பிறகு வெளியே எட்டிப் பார்த்தால், தூக்குவாளிக்காரர்கள் அப்படியே நின்றார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் சாகுல் பாய் சைக்கிளில் ஏறத் தூக்கிய கால் இன்னும் கீழே இறங்கவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கிக்கொண்டு போன பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு கை முருங்கைக்கீரையாவது, இரண்டு எலுமிச்சம்பழமாவது, ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒரு சிட்டிகைச் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆவுடையக்கா குடத்தில் நாலு இட்லியை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள், அந்த இட்லியின் சூடு ஆறுவதற்குள் செய்தி தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு புதுக்குழாய்த் தெருவில் காலை என்பது கடன் கேட்கக்கூடிய சாமான்களில் ஒன்றாயிற்று. ஓய்வுபெற்ற ஞானதீபம் டீச்சர் தன்னிடம் ட்யூஷன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை நாளில் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். சாகுல் பாய் பெருநாளுக்கு முன்னால் தைத்து மாளாத சட்டைகளுக்காக ஒன்று வாங்கினார். மேகம் மூடிக்கொண்ட நாட்களில் வத்தல் போட்டவர்கள் மொட்டைமாடியில் ஒரு காலையைத் திறந்துவிட்டுக் காயவைத்தார்கள். மாப்பிள்ளையின் பஸ் பாவூர்சத்திரத்தில் பஞ்சராகி முகூர்த்தம் தப்பிப்போன ஒரு கல்யாணம், மேளக்காரர் மறுபடி முதலிலிருந்து வாசிக்க, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த ஒரு காலையில் மங்களமாக நடந்து முடிந்தது.

ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, மாசானத்துடைய காலைகள் மட்டும் ஏன் இப்படி வந்து உட்காருகின்றன என்று தெருவில் பேசத்தான் செய்தார்கள். கட்டில் வேப்பமரக் கட்டில், அதனால்தான் என்றார் ஒருவர். வாசல் கிழக்கு பார்த்தது என்றார் இன்னொருவர். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, பேச்சு அங்கேயே நின்றது, பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. ஏன் என்பதைவிட எப்படி எடுப்பது என்பதில்தான் தெருவுக்கு அக்கறை. பழசை முதலில் எடுக்க வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள், அரிசியானாலும் புளியானாலும் அந்தத் தெருவில் அப்படித்தான் எடுப்பார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் முன்னால் இருப்பதைத் தள்ளிவிட்டு, கையை நீட்டி, சுவரோரம் இருந்ததைத் தேடி எடுத்தார்கள்.

மாசானத்தின் தூக்கத்தையும் தெரு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அவன் நன்றாகத் தூங்கினால்தானே புதிதாக ஒன்று வந்து உட்காரும். மீன்காரி அந்த வீட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. குழாயடிச் சண்டைகள் கை ஜாடையில் நடந்தன. வாசலில் நின்று ஹாரன் அடிக்கும் பள்ளிக்கூட வேனைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார்கள், முகிலா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, முனைவரை நடந்து போனாள்.

மாசானத்துக்கு இதில் பெருமைதான். "ஒவ்வொருத்தன் விடியக்காலம் எந்திச்சு ஓடியும் யாருக்கும் பிரயோசனம் இல்ல. நான் படுத்துக் கெடந்தே தெருவைக் காப்பாத்துதேன்" என்று கடையில் மாவு பிசைந்துகொண்டே சொல்வான்.

அவனுக்கு அந்தப் பெருமை ஆனி மாதம்வரை இருந்தது. ஆனியில் ஒருநாள் அவன் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஆவுடையக்கா குடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். குடத்தைக் கொடுத்தாள், தனியாக ஒரு கிண்ணத்தில் இட்லியையும் கொடுத்தாள், ஆனால் போகவில்லை.

"தம்பி, கொடத்துக்கு அடியில ஏதோ ஒட்டிக் கெடக்கு. கவுத்துனாலும் விழ மாட்டேங்கு. அதான் இட்லியத் தனியா கொண்டாந்தேன்."

"என்னக்கா, பாசி பிடிச்சிருக்கும். தேய்ச்சு ஊத்துங்க."

"பாசி பேசுமால?"

மாசானம் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, குடத்தின் வாயில் காதை வைத்தான். அடியிலிருந்து, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல, ஒரு சின்னக் குரல் கேட்டது. "எப்பா, நேத்து பல்லு விழுந்துட்டு. எனக்கில்ல, எங்க மிஸ்ஸுக்கு. மிஸ் அதைப் பேனா டப்பாவுல வச்சிருக்காவ. போயிட்டு வாரேன். எந்திச்சிட்டியா?" பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை, யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. பிறகு குடம் வெறும் குடமாகிவிட்டது.

அவன் காதை எடுக்கவில்லை. பல்பொடி நுரை காய்ந்து உதட்டில் வெள்ளையாக நின்றது.

"ஏளா கோமு, இது எப்ப சொன்னா?"

"அது அவ யூகேஜி படிக்கும்போதா இருக்கும். தினமும்தான் சொல்லுவா. பையை மாட்டிக்கிட்டு ஒங்க காதுக்குள்ளதான் வந்து சொல்லுவா."

"எனக்குக் கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா அது ஏன் கட்டிலுக்கு அடியில போயி உக்காருது?" என்றாள் கோமு.

ஆவுடையக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஈடு எடுக்கும்போதெல்லாம் ஒரு பிள்ளை பேசுவது அவளுக்குக் கேட்டுத்தான் இருக்கிறது, தெருவில் விளையாடுகிற பிள்ளை என்று நினைத்திருந்தாள். சாகுல் பாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஆமா மாப்ள, மிஷின் சத்தத்துக்கு ஊடால ஒரு பிள்ள, நாய்க்குட்டி மூணு போட்டிருக்கு, ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்குன்னு சொல்லிச்சு. நான் பொத்தான் தச்சுக்கிட்டே சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞானதீபம் டீச்சர் தன் வீட்டில் திறந்த காலையில் ஒரு குழந்தை ஒன்று முதல் இருபதுவரை சொல்லி, பதினாறை விட்டுவிட்டதாகவும், ட்யூஷன் பிள்ளைகளில் ஒன்றுதான் என்று நினைத்து அதட்டிவிட்டதாகவும் மெல்லச் சொன்னார்.

மாசானம் கட்டிலுக்கு அடியில் படுத்து, மிச்சம் இருந்த காலைகளை இழுத்தான். பழசை எல்லாம் தெரு எடுத்துக்கொண்டுபோய் இட்லியாக அவித்தும் சட்டையாகத் தைத்தும் தீர்த்துவிட்டது. மிச்சம் இருந்தவை புதியவை. அவன் ஒவ்வொன்றாகக் குடத்தில் போட்டுத் திறந்து, அது கரைந்து தீரும்வரை காதை வைத்துக் கேட்டான். ஒன்றில் "எப்பா, போயிட்டு வாரேன்" என்பது மட்டும் இருந்தது. அதற்கு அடுத்ததில் "வாரேன்" மட்டும் இருந்தது. அதற்கும் அடுத்தவற்றில் குரலே இல்லை, வெறும் காலடிதான் இருந்தது. கடைசியாகத் திறந்ததில், சத்தம் வரக்கூடாது என்று ரொம்பக் கவனமாகக் கதவைச் சாத்தும் சத்தம் இருந்தது.

அவள் நிறுத்திவிட்டாள். தெருவே சத்தம் காட்டாமல் இருந்ததால், அவள் நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. தூங்குகிற அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியவள், இன்னும் கொஞ்ச நாளில் விழித்திருக்கிற அப்பாவிடமும் பேசாமல் போய்விடுவாள் என்பது, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாசானத்துக்குத் தெளிவாக விளங்கியது. "நாளையில இருந்து வேன் வர்றதுக்கு முன்னால எந்திக்கப் போறேன்" என்றான்.

புதுக்குழாய்த் தெருவுக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் அது சும்மா இருக்காது. எடுத்துத் தீர்த்த காலைகளைத் திருப்பித் தர வழியில்லை, அதற்காகப் பாத்திரத்தை வெறுமனே திருப்பவும் முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் காலையிலிருந்து நல்லதாக ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆவுடையக்கா, வெறும் வயிற்றில் குடிக்கிற அருகம்புல் சாற்றைக் கொடுத்தாள். சாகுல் பாய், பள்ளிவாசலிலிருந்து வரும் வழியில் அவனைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரையில் நடக்கிற நடையைக் கொடுத்தார். ஞானதீபம் டீச்சர், மூச்சை இழுத்து நிறுத்தி விடுகிற பயிற்சியையும், நின்றபடி உரக்கப் பேப்பர் வாசிப்பதையும் கொடுத்தார். மற்ற வீடுகளிலிருந்து எண்ணெய்க் கொப்பளிப்பும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், காக்கைக்குச் சோறு வைப்பதும் வந்தன. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மாசானம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

வாங்கிக்கொண்டபடியே செய்தான். கண் எரிய எரிய எழுந்தான், சாற்றைக் குடித்து முகத்தைச் சுளித்தான், குளத்தங்கரையில் பாய்க்குப் பின்னால் நடந்தான், மூச்சை இழுத்தான், விட்டான், பேப்பரை வாசித்தான், காக்கையைக் கூப்பிட்டான், எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் வேன் போயிருக்கும். மறுநாள் இன்னும் வேகமாக நடந்தான், அன்றைக்கும் வேன் போயிருந்தது. அவன் முகம் தெளிந்தது, தொப்பை வடிந்தது, ஆளே மாறிவிட்டான் என்று தெரு மனம் நிறைந்து சொன்னது.

கோமுதான் ஒருநாள் குடத்தை டொக்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கேக்கேன்னு கோவிக்காதிய. நீங்க எந்திக்கது யாருக்காவ?"

"இது என்ன கேள்வி? பிள்ளைக்காவத்தான்."

"பிள்ளை என்ன சொல்லுதான்னு தெரியுமா? முன்னாலயாவது போர்வைக்கு வெளிய காலு கெடக்கும், இப்ப அதுவும் இல்லங்கா."

மாசானம் கையில் இருந்த அருகம்புல் சாற்று டம்ளரைக் கீழே வைத்தான். "சரி, அந்த நேரத்துல வீட்டுல என்னதான் நடக்கு?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோமு சொன்னாள். குழாயில் தண்ணீர் வருவதும் முகிலாவுக்குத் தலை பின்னுவதும் ஒரே நேரம். பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். இடது சடையை முடிக்கும்போது குழாயில் காற்று இரையும், உடனே குடத்தோடு ஓடாவிட்டால் அன்றைக்கு வீட்டில் தண்ணீர் கிடையாது. வலது சடையை முகிலாவே வேனுக்கு நடந்துகொண்டே பின்னிக்கொள்வாள், அது வேனுக்குள்ளேயே அவிழ்ந்துவிடும், அதற்காகத் தினமும் இறைவணக்கத்தில் அவளைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"தூங்குத மனுசன்கிட்ட சடையைப் பத்தி என்ன பேச?"

அன்று சாயங்காலம் வேலைக்குப் போகும் வழியில் மாசானம் வீடு வீடாக நின்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். "மாமா, குளத்தங்கரை எங்கயும் போயிராது, நான் பொறவு வாரேன்" என்று பாயிடம் சொன்னான். "டீச்சர், மூச்சு அதுவா வந்துட்டுப் போகும்" என்றான். ஆவுடையக்காவிடம் சாற்று டம்ளரைக் கொடுக்கும்போது, அதில் மறக்காமல் ஒரு சிட்டிகைச் சீனி போட்டிருந்தான்.

மறுநாள் கோமு ஈரக்கையால் அவன் முகத்தில் தடவி எழுப்ப, அவன் முகிலாவின் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இருப்பதுபோல விறைப்பாக இருந்தாள். கைக்குள் அடங்காத முடி. அவன் உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு, பிரித்து, பின்னத் தொடங்கினான், அவன் கை அவன் சொன்னதைக் கேட்காமல் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது: முடியை இழுத்தது, சுழற்றியது, வட்டமாகச் சுருட்டி வைத்தது, கடைசியில் அதன்மேல் பட்டென்று ஒரு தட்டும் தட்டியது.

"எம்மா! அடிக்காவ!"

"அடிக்கல தாயி, கை பழக்கம்."

அன்றைக்கு வேன் முழுவதும் "பரோட்டா, பரோட்டா, சால்னா எங்க?" என்று கூப்பாடு. சாயங்காலம் முகிலா பையை எறிந்துவிட்டு, இனி அவர் தன் தலையைத் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் சீப்போடு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் ஒரே ஒரு நாள் பாப்பேன்" என்றாள், சுவரைப் பார்த்து.

மாசானம் கடையில் மாவை மூன்று திரியாக உருட்டிப் பின்னிப் பழகினான். "என்னவே இது, பரோட்டாவுக்குப் பூ வைப்பீரோ?" என்று முதலாளி கத்த, பின்னல் பரோட்டாவைச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டார்கள். நாளாக நாளாக அவன் கை சொன்னதைக் கேட்டது. ஒருநாள் இடது சடை சரியாக வந்தது, இன்னொருநாள் இரண்டும் வந்தன. முகிலாவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, அவன் முழங்காலில் சாய்ந்தது. ஆனால் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சடை முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

பிறகு சாரல் வந்தது. அந்த வருடம் தாமதமாக, ஆடி பிறந்த பிறகு வந்த சாரல் எல்லா அருவிகளிலும் ஒரே சமயத்தில் விழுந்தது, கார்களும் வேன்களும் கடை வாசலில் வரிசை கட்டின, மாசானம் நன்றாக வெளுத்தபிறகுதான் வீட்டுக்கு வந்து, கட்டிலில் விழுந்து, கோமு தட்டியும் உலுக்கியும் எழாமல் தூங்கினான். மதியம் கண் விழித்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு காலை வந்து உட்கார்ந்திருந்தது. குடத்தில் போட்டுக் கேட்டான். சீப்பின் பற்களை விரலால் மீட்டுகிற சத்தம், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, மறுபடி முதலிலிருந்து, யாருக்காகவோ காத்துக்கொண்டு.

மறுநாளும் அப்படியே ஆயிற்று. அந்தக் காலையில் குரல் இருந்தது, ஆனால் அது அவனிடம் பேசவில்லை. "எம்மா, முடியை வெட்டி விட்டுருங்க. கட்டையா வெட்டிட்டா யாரும் பின்ன வேண்டாம்லா. யாரையும் எழுப்ப வேண்டாம்."

"வெட்டுதேன்னு சொல்லிட்டியா?" என்று கோமுவிடம் கேட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?"

அதற்கு மறுநாள் மாசானம் வெளுத்தபிறகு வந்து, படுக்காமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்து, அப்படியே தூங்கிப்போனான். கோமு ஒருதரம் உலுக்கினாள், குழாயில் காற்று இரைந்தது, குடத்தோடு ஓடினாள். தெருவில் போகும்போது சன்னல் வழியாகப் பார்த்த ஆவுடையக்கா ஓடிப்போய் இட்லிக் கரண்டியால் தன் வீட்டுத் தகரக் கதவை ஓங்கி அடித்தாள். அதைக் கேட்ட சாகுல் பாய் சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு போன மீன்காரி, அன்றைக்குச் சீக்கிரமே வந்தவள், சேர்த்து வைத்திருந்த சத்தத்தை எல்லாம் அந்த வாசலில் நின்று கொட்டினாள். ஞானதீபம் டீச்சர் தெருமுனைக்கே போய், "தம்பி, வண்டியை உள்ளே விடு. நல்லா அடி" என்று வேன்காரரிடம் சொல்ல, வேன் வீட்டு வாசலுக்கு வந்து நின்று ஹாரன் அடித்தது.

மாசானம் துள்ளி எழுந்தான். முகிலா தலைவிரி கோலமாக, பையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இரு, இரு தாயி, ஒரு நிமிசம்" என்றான். "வேன் வந்துட்டு" என்றாள் அவள். உண்மைதான், நேரம் இல்லை, ஒரு சடைக்குக்கூட இல்லை.

அப்போது கோமு தண்ணீர் வழிகிற குடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடி, அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கைவரை கையை விட்டு, ஒரு காலையை வெளியே எடுத்தாள். பொங்கலுக்கே தனியாக ஒளித்து வைத்து, தெருவில் யார் வந்து கேட்டபோதும் அவள் காட்டாத ஒன்று, எல்லாவற்றிலும் பழசு, அரிசிக்குள் கிடந்து அரிசி மணம் ஏறியது. "பாத்துக்கிட்டு நிக்காதிய, சீப்பை எடுங்க" என்று சொல்லிவிட்டு அதைக் கூடத்தின் நடுவில் திறந்துவிட்டாள்.

வீட்டுக்குள் மறுபடி இருட்டு வெளுத்தது. வெளியே ஹாரன் சத்தம் பாதியில் அப்படியே நின்றது, மீன்காரியின் வாய் திறந்தபடி நின்றது, சாரல் துளிகள் ஓட்டு விளிம்பில் விழாமல் தொங்கின. முகிலா செருப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாசானம் ரிப்பன்களைப் பல்லில் கடித்துக்கொண்டு, வகிடு எடுத்து, பிரித்து, பின்னத் தொடங்கினான்.

இடது சடை முடிந்து வலது சடை பாதி வந்தபோது, கூடத்தில் குட்டிக் காலடிகள் கேட்டன. பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி டப்பு டப்பென்று வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, மழலை மாறாத ஒரு குரல் சொன்னது: "எப்பா, நான் பள்ளிக்கூடத்துல சேந்துட்டேன். இன்னைக்குத்தான் மொத நாளு. அழ மாட்டேன். போயிட்டு வாரேன். எந்திச்சிட்டியா?"

மாசானத்தின் வாயில் ரிப்பன் இருந்தது. இரண்டு கையிலும் முடி இருந்தது. குரல் காத்துக்கொண்டு நின்றது, குடத்துக்குள் காத்திருந்தது போலவே.

முகிலா தலையை ஆட்டாமல், நேராகப் பார்த்தபடி, கட்டில் பக்கமாகச் சொன்னாள்.

"எந்திச்சிட்டாவட்டி. எனக்குத் தலை பின்னுதாவ. நீ போயிட்டு வா."

குட்டிக் காலடிகள் டப்பு டப்பென்று வாசலைத் தாண்டிப் போயின. மாசானம் வலது சடையை முடித்து, மடித்து, ரிப்பனைச் சுற்றிப் பூப்போல முடிச்சுப் போட்டான். தட்ட ஓங்கிய கையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டான். கடைசி வெளிச்சம் கரைந்து தீர்ந்தது. ஹாரன் விட்ட இடத்திலிருந்து மிச்சச் சத்தத்தை அடித்து முடித்தது.

முகிலா செருப்பை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு டப்பு டப்பென்று நடந்தாள். கதவைப் படாரென்று திறந்தாள். வேன் படியில் ஏறி, திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எப்பா, எங்க மிஸ்ஸுக்கு மறுபடியும் ஒரு பல்லு ஆடுதாம், சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லுதேன், போயிட்டு வாரேன்" என்றாள்.

"போயிட்டு வா" என்றான் மாசானம்.

அன்றிலிருந்து அவன் காலையில் ஒரே ஒரு வேலைதான் செய்தான்: எழுந்தான், இரண்டு சடை பின்னினான், வேன் திரும்பும்வரை நின்றான், போய்ப் படுத்தான். தெருவில் இட்லி தாமதமாயிற்று, சட்டைகள் பெருநாள் கழித்துத் தைக்கப்பட்டன, வத்தல் வெயிலுக்குக் காத்திருந்தது, எல்லாரும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே வேன் ஹாரனுக்குத் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

சாரல் ஓய்ந்தபிறகு ஒருநாள் கோமு வீடு கூட்டும்போது, கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றைச் சுவர்வரை விட்டு இழுத்தாள். தூசி வந்தது, தூசியோடு தொலைந்துபோன ஒற்றைக் கம்மல் வந்தது, வேறொன்றும் வரவில்லை.